சூரியனுக்குப் போட்ட பந்தல்

ஒரு காட்டில் நரி ஒன்று இருந்தது என்று ஆரம்பித்தாலே, அது தந்திரசாலி என்று மிச்சக் கதையை நீங்களே முடித்துக்கொள்வீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த நரிக்குத் தந்திரம் கிடையாது. பதவிதான் இருந்தது. காட்டு நலக் குழுவுக்கு அதுதான் தலைவர். பதவி இருப்பவனுக்குத் தந்திரம் எதற்கு?

அந்தக் காட்டின் நடுவில் ஒரு குட்டை. கரையில் ஓர் ஆழ்துளைக் கிணறு. கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்துக் குட்டையில் விட ஒரு டீசல் எஞ்சின். எஞ்சின் ஓடினால் குட்டையில் தண்ணீர் இருக்கும். நின்றுவிட்டால் கத்திரி முடிவதற்குள் சேறுதான்.

சேறானால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டும். காட்டுக்கு வெளியே ஆறு ஓடுகிறது. கால் உள்ளவை நடந்து போய்க் குடித்துக்கொள்ளும். இறக்கை உள்ளவை பறந்து போகும். குட்டையை விட்டால் போக்கிடம் இல்லாதவை மீன்கள்தான். அந்த வருஷம் குட்டையில் பெரிய மீன் என்று மிஞ்சியிருந்தது ஒரு விரால். அதோடு அதன் குஞ்சுகள். செக்கச்செவேலென்று ஒரு கொத்தாகத் தாயின் தலைக்கு மேலே மிதந்துகொண்டே இருக்கும்.

கரையில் ஒரு நீர்நாய் குடியிருந்தது. வயதானது, கடுகடு மூஞ்சி. ஆற்றில் வேறு நீர்நாய்க் கூட்டம் இருந்தது. அந்தப் பக்கம் போனால் கடித்துக் குதறும். அதனால் இது குட்டையே கதி என்று கிடந்தது.

எஞ்சினும் ஒன்றும் யோக்கியமானது இல்லை. கரும்புகை கக்கும். மான்குட்டிகள் இருமும். அது போடும் சத்தத்தில் குயில் பாடுவதையே விட்டுவிட்டது. டீசல் வாங்கப் போகும் கழுதை பாதியை வழியிலேயே விற்றுவிட்டு, வெயிலில் ஆவியாகிவிட்டது என்று சொல்லும். ஆகவே எஞ்சினை மாற்ற வேண்டும் என்று காடு பேசியதில் தப்பே இல்லை. நல்ல யோசனை எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிறகு அதற்கு ஒரு கூட்டம் போடுகிறார்கள்.

மாசி மாதத்தில் கூட்டம் கூடியது. நரி கனைத்துக்கொண்டு சொன்னது: "இனிமேல் எண்ணெய் கிடையாது, புகை கிடையாது. மாற்று வழி என்ன, ஆளுக்கொன்று சொல்லுங்கள்."

காட்டெருமை எழுந்தது. "மேட்டுல காத்தாடி நட்டா என்ன தலைவரே? ஆடிக் காத்து ஆளையே தூக்குது. காசு கொடுத்தா வாங்குறோம்?"

பருந்து மரத்திலிருந்து கத்தியது. "உனக்கென்ன, தரையில மேயுறவன். நாங்க பறக்குறப்ப அந்த றெக்கை கழுத்தைச் சீவிட்டா?"

"கொஞ்சம் ஒதுங்கிப் பற."

"ஏன்டா, வானத்துலயும் ஒதுங்கணுமா?"

யானை நிதானமாகக் கேட்டது: "ஆடியில காத்து அடிக்கும், சரி. குட்டை காய ஆரம்பிக்கிறது பங்குனியில. அப்ப இலைகூட ஆடாதே, அதுக்கு என்ன வழி?"

நியாயமான கேள்வி. அதனால் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த யோசனைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்தது முள்ளம்பன்றி. "எல்லாச் சாணத்தையும் தொட்டியில கரைச்சு மூடி வெச்சா வாயு வருமாம். அதுல எஞ்சினை ஓட்டலாமாம். மழையோ வெயிலோ, அதுபாட்டுக்கு வரும். தொட்டியில மிஞ்சுறது செடிக்கு எருவாம்."

யானைக்கு முகம் மலர்ந்தது. "அது நம்மகிட்ட குறைச்சலா? லத்தி எவ்வளவு வேணும் சொல்லுங்க."

"எங்க புழுக்கையையும் சேர்த்துக்குவீங்கல்ல?" என்று மான் கூச்சத்தோடு கேட்டது.

புலி அதுவரை படுத்திருந்தது. மெல்லத் தலையைத் தூக்கியது. "இரு, இரு. என்னுதும் காட்டுப்பன்றியோடதும் ஒரே தொட்டியிலயா?"

காட்டுப்பன்றி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. பிறகு புலிக்குத் தனித் தொட்டி என்றார்கள். அப்படியானால் எனக்கும் தனி என்றது சிறுத்தை. புல் தின்பவை ஒரு தொட்டி, கறி தின்பவை ஒரு தொட்டி என்றது கரடி. இரண்டையும் தின்னும் கரடி எந்தத் தொட்டி என்று கேட்டதும் அதற்குக் கோபம் வந்துவிட்டது. தினமும் தொட்டியில் இறங்கி யார் கரைப்பது என்ற பேச்சு வந்தது. எல்லாரும் காட்டுப்பன்றியைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?"

"உனக்குத்தானே பழக்கம்."

காட்டுப்பன்றி எழுந்து போய்விட்டது. தொட்டி கட்டவே இல்லை, அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. அதோடு சாண வாயு முடிந்தது.

கடைசியில் நரி சொன்னது: "சூரியன். தகடு வைத்தால் போதும். புகை இல்லை, சத்தம் இல்லை, றெக்கை இல்லை, சாணம் இல்லை."

வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி கேட்டது: "ராத்திரிக்கு என்ன பண்றது?"

"ராத்திரி தூங்கு."

"நான் ராத்திரிதானே முழிச்சிருக்கேன்?"

"அது உன் சொந்தப் பிரச்சினை."

"மழைக்காலத்துல?" என்றது முள்ளம்பன்றி.

"மழை பெய்யும்போது குட்டைக்கு எதற்குத் தண்ணீர் இறைக்க வேண்டும்?"

நரி வாழ்நாளில் சொன்ன ஒரே புத்தியுள்ள பேச்சு இது. அதற்கே அசந்துபோய்க் கூட்டம் கைதட்டிவிட்டது. சூரியன் என்று முடிவாயிற்று. அன்றைக்கே டீசல் எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, மேளம் அடித்து, பழைய இரும்புக் கடைக்கு வழியனுப்பினார்கள். தகடு இன்னும் வரவில்லை. அதற்குள் என்ன அவசரம் என்று நீர்நாய் மட்டும் முணுமுணுத்தது. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

பங்குனி பிறந்த பிறகு தகடுகள் வந்தன. ஊரிலிருந்து ஒரு குரங்கு வந்து மாட்டிக் கொடுத்தது. குட்டைக்கரை மேட்டில் வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, கிணற்றில் மோட்டாரை இறக்கி, மரப்பெட்டியில் சுவிட்சை வைத்தது. "வெயில் படணும். அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டது.

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்ன தண்ணீர்! யானைத் தும்பிக்கை பருமனுக்கு, வெள்ளை வெளேரென்று. புகை இல்லை. சத்தம் இல்லை. சூரியன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. அதை இங்கேயே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் சூரியன்மேல் பழி போடக் கூடாது.

வற்றிக்கொண்டிருந்த குட்டையில் விரால் துள்ளியது. குஞ்சுகள் புதுத் தண்ணீரை நோக்கி ஓடின.

நரி அலறிக்கொண்டு ஓடி வந்தது. "நிறுத்து! நிறுத்துடா! திறப்பு விழா நடக்காமல் தண்ணீர் விடலாமா? சிங்க மகாராஜா வந்து திறக்க வேண்டிய தண்ணீரை நீ திறக்கிறாயே, நீ யார்?"

குரங்கு சுவிட்சை அணைத்தது. கூலி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது. நரி சுவிட்சுப் பெட்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டியது. பிறகு அண்ணாந்து சூரியனைப் பார்த்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

"மகாராஜா இங்கே வந்து நிற்க வேண்டுமே. இந்த வெயில் அவர் பிடரிக்கு ஆகுமா?"

மறுநாள் பந்தல்காரர் வந்தார். அவர் நரிக்கு மச்சான். விழா என்றால் பந்தல் என்பது அந்தக் காட்டு வழக்கம். குட்டி பிறந்தாலும் பந்தல், கிழம் செத்தாலும் பந்தல். பந்தல் போடாத காரியத்துக்கு மரியாதை கிடையாது. மகாராஜா நிற்கப்போவது தகடுகளுக்குப் பக்கத்தில். ஆகவே தகடுகளையும் சேர்த்து ஒரே பந்தலாக, மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, உள்ளே வெள்ளைத் துணி கட்டினார்கள். ஒரு பொட்டு வெயில் உள்ளே வராது. மச்சான் வேலை சுத்தம்.

நரி பந்தலுக்குள் போய் நின்றது. "அப்பாடா, என்ன குளுமை!" என்றது.

நீர்நாய் வந்து கேட்டது. "தலைவரே, தகட்டுக்கு மேலேயும் கீத்து போட்டுட்டாங்களே?"

"ஆமாம், விலை உயர்ந்த பொருள். வெயிலில் கிடந்து வீணாகலாமா?"

"அது வெயில் குடிக்கிற சாமான் தலைவரே."

"திறந்த பிறகு குடிக்கட்டும். திறக்காத சாமான் எதற்கு இப்போதே குடிக்க வேண்டும்?"

இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் கிடையாது. இதைப் பேசுபவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் பேசுகிறார்கள்.

சிங்கம் வரத் தேதி கேட்டுக் குகைக்கு ஆள் போனது. பங்குனி முடியட்டும் என்று பதில் வந்தது. முடிந்தது. சித்திரையில் மகாராஜாவின் மைத்துனர் வீட்டில் காது குத்து. அதுவும் முடிந்தது. பிறகு கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. "இந்த வெயிலில் மகாராஜா வெளியே வருவதில்லை, வெயில் குறையட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சூரியனைத் திறந்து வைக்கச் சூரியன் தணியும் வரை காத்திருந்த காடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பந்தல் நின்றது. நாள் வாடகை ஓடியது. குட்டை வற்றியது.

ஒரு நாள் விரால் கரையோரம் வந்து வாயை வெளியே நீட்டி மூச்சு வாங்கியது. விரால் சாதிக்கு வெளிக்காற்றும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். நீர்நாய் கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா பாக்குற? எப்ப சேறாகும், எப்ப அள்ளலாம்னு பாக்குறியா?"

"அள்ளலாம். ஒரு வாரம் விருந்துதான். அப்புறம்? அடுத்த மழை வரைக்கும் உங்க தாத்தாவா வந்து எனக்குச் சோறு போடுவாரு? நீ உயிரோட இருந்தாத்தான் வருஷா வருஷம் குஞ்சு பொரிப்ப. குஞ்சு பெருசானாத்தான் எனக்குப் பொழப்பு."

"மறைக்காம சொல்ற. சந்தோஷம்." விரால் ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டது. "எங்க வீட்டுக்காரரைத் தின்னது நீதானே?"

"ஆமா. போன தையில."

"எப்படி இருந்தாரு?"

"முள்ளு கம்மி."

"உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான். யாரையும் குத்த மாட்டாரு." விரால் சேற்றைக் கிளறிவிட்டு நிமிர்ந்தது. "யோவ், அந்தக் கீத்துல நாலை உருவி எறியேன். கை இருக்குல்ல உனக்கு?"

நீர்நாய்க்கு அது முன்பே தோன்றாமல் போனதற்காக எரிச்சல் வந்தது. உச்சி வெயிலில், எல்லாரும் உறங்கும் நேரம் பார்த்துப் பந்தல்மேல் ஏறியது. கீற்றை உருவியது. துணியைக் கிழித்தது. ஒரு கீற்று அகலத்துக்கு வெயில் தகட்டின்மேல் விழுந்தது. இறங்கி வந்து, ரிப்பனை அவிழ்க்காமல் அதற்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டது. குழாய் இருமியது. கிழவன் காறித் துப்புவதுபோல் ஒரு கை தண்ணீர் வந்தது. நின்றது. மறுபடியும் ஒரு கை.

இன்னும் நாலு கீற்று உருவியிருந்தால் ஓடியிருக்கும். அதற்குள் மச்சான் பார்த்துவிட்டார். "ஐயோ, என் பந்தல்!" என்று கத்தினார். நரி ஓடி வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக நீர்நாய்மேல் குற்றம் சாட்டினார்கள்.

"மீனுங்க சாகுது தலைவரே!"

"மீனைப் பற்றி யார் பேசுவது பாருங்கள்!" என்றது நரி. "இவனுக்கு மீன்மேல் என்ன அக்கறை என்று எனக்குத் தெரியாதா?"

கூடியிருந்தவை சிரித்தன. மீனுக்காக நீர்நாய் பேசினால் யார் நம்புவார்கள்? நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். கீற்றை மறுபடி வேய்ந்தார்கள். இந்தத் தடவை இரட்டை வேய்ச்சல். பந்தலைக் காக்க இரண்டு செந்நாய்களைக் காவல் போட்டார்கள்.

கத்திரி முடியப் போகும் சமயத்தில் தேதி கிடைத்தது. மகாராஜா மாலையில், வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகு வருவார். விழா நாள் காலையில் ஊரிலிருந்து ஒரு வாடகை ஜெனரேட்டர் வந்து இறங்கியது. மைக்குக்கும், சீரியல் விளக்குக்கும், மகாராஜாவின் மின்விசிறிக்கும். டீசல் ஜெனரேட்டர்தான். விடியற்காலையிலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. மான்குட்டிகள் இருமின. விழாச் சந்தோஷத்தில் அதை யாரும் இருமல் என்று நினைக்கவில்லை.

குட்டை அப்போது ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. விரால் சேற்றில் பாதியும் வெளியில் பாதியுமாகக் கிடந்தது. குஞ்சுகள் அதன் நிழலில் ஒட்டிக்கொண்டிருந்தன.

நீர்நாய் நரியிடம் போனது. மானத்தை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "தலைவரே, உங்க பந்தலை இனி நான் தொட மாட்டேன். அந்த ஜெனரேட்டர் சும்மாதானே உறுமிக்கிட்டு நிக்குது? அதுல ஒரு வயரை எடுத்து மோட்டார்ல குடுங்க. கொஞ்ச நேரம் ஓடினா போதும். இன்னைக்குப் பொழுது தாண்டிடும்."

நரிக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "வெட்கமாக இல்லை? சூரிய மோட்டாரை டீசலில் ஓட்டச் சொல்கிறாயா? நமக்கு ஒரு கொள்கை இல்லையா? புகை வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு?"

"விசிறி மட்டும் டீசல்ல சுத்தலாமா?"

"விசிறி விருந்தாளிக்கு. மோட்டார் கொள்கைக்கு. இரண்டையும் குழப்பாதே. போ, போ, தோரணம் கட்டுகிற வேலையைப் பாரு."

நீர்நாய் குட்டைக்குத் திரும்பியது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டது விரால்.

"கொள்கைன்னாரு."

"அது தண்ணியா, வேற எதுவுமா?"

நீர்நாய் கரையில் உட்கார்ந்தது. விரால் மெதுவாகச் சொன்னது: "எங்களைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிடுய்யா."

"ஆத்துல இருக்கிறவனுங்க என்னை உள்ள விட மாட்டானுங்க. காதைக் கடிச்சுத் துப்பிடுவானுங்க. வழியில வேற செந்நாய்ங்க."

"நீ உள்ள போக வேணாம். கரையில எங்களை விட்டுட்டு வந்துடு. என்னை வாயில கவ்விக்க. நான் கொஞ்ச நேரம் தாங்குவேன். புள்ளைங்க தாங்காது. அதுங்களுக்குத் தண்ணி வேணும், பாத்திரம் வேணும்."

மாலையாயிற்று. சிங்கம் வந்தது. மான்கள் பூரண கும்பத்தோடு எதிர்கொண்டன. பித்தளைக் குடம், வாய் நிறையத் தண்ணீர், மாவிலை, மேலே தேங்காய். சிங்கம் அதைத் தொட்டுக் கும்பிட்டது. குடத்தை மேடைக்குப் பின்னால் ஒரு மேசைமேல் வைத்துவிட்டு எல்லாரும் முன்னால் ஓடினார்கள்.

நரி மைக்கைப் பிடித்து வரவேற்புரையைத் தொடங்கியது. நரியின் வரவேற்புரை எவ்வளவு நேரம் போகும் என்று காட்டுக்கே தெரியும். செந்நாய்கள் இரண்டும் மகாராஜாவைப் பார்க்க முன்னால் போய்விட்டன. நீர்நாய் பின்னால் வந்தது. தேங்காயைத் தூக்கிப் புல்லில் வைத்தது. மாவிலையை எடுத்துப் போட்டது. குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குட்டைக்கு ஓடியது.

"உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரால் குஞ்சுகளை விரட்டியது.

"அம்மா, இது நீர்நாயாச்சே?" என்றது ஒரு குஞ்சு.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மாமான்னு கூப்பிடு. போ உள்ள."

சிவப்புக் கொத்து குடத்துக்குள் இறங்கியது. விரால் நீர்நாயைப் பார்த்தது. "பல்லு படாம கவ்வு."

"அது பழக்கமில்ல. முயற்சி பண்றேன்."

அதே நேரம் மேடையில் சிங்கம் ரிப்பனை வெட்டிச் சுவிட்சை அழுத்தியது. மேலே பந்தல், வெளியே அந்தி. தகடு என்ன செய்யும், பாவம்! ஆனால் நரி முன்யோசனையாக ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துப் பச்சை விளக்கு ஒன்றைச் சுவிட்சுப் பெட்டிமேல் வைத்திருந்தது. ஒரு ஆள் அங்கே நின்று சரியான நேரத்தில் அதைப் போட்டது. பச்சை விளக்கு எரிந்தது. காடு கைதட்டியது. குழாயின் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விசிறிக் காற்றில் பிடரி பறக்கச் சிங்கம் பேசியது: "சூரிய சக்தி இவ்வளவு குளுமையாக இருக்கும் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை."

அப்போதுதான் நீர்நாய் பந்தலுக்கு முன்னால் வந்தது. காட்டை விட்டு வெளியேற வேறு பாதை இல்லை. இடுப்பில் அணைத்தபடி பூரண கும்பம். வாயில் வாலாட்டும் விரால். மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்தது.

முதலில் பார்த்தது பருந்து. "ஏய், மீனு! திருட்டுப் பய மீனைத் தூக்கிட்டுப் போறான்!"

நரி மைக்கில் கத்தியது: "பாருங்கள் மகாராஜா! மீன்களைக் காப்பாற்ற நாங்கள் சூரியனையே இறக்கியிருக்கிறோம். இவன் எங்கள் கண்ணெதிரே தின்னக் கொண்டு போகிறான். கும்பத்தையும் விட்டு வைக்கவில்லை!"

"ஐயோ, அந்த விரால் பாவம்!" என்று மான் அழுதது.

யானை வந்து வழியை மறித்தது. "என்னடா இது? வாயைத் திறந்து பதில் சொல்லு. சொல்லிட்டுப் போ."

நீர்நாய் யானையைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். பந்தல் என்று சொன்னால் போதும், யானை ஒரு இழுப்பில் அதைச் சாய்த்துவிடும். ஆனால் வாயைத் திறந்தால் விரால் மண்ணில் விழும். சுற்றிலும் கீரி, பூனை, பருந்து, நரி எல்லாம் நின்றன. அத்தனையும் மீன்கள்மேல் இரக்கம் உள்ளவைதான். ஆனால் அப்போது எல்லாவற்றுக்கும் வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

"பேசாதே" என்று விரால் பல்லிடுக்கிலிருந்து முனகியது.

"சொல்லுடா, ஊமையா நீ?" என்று காட்டெருமை கத்தியது.

"குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான்?" என்றது நரி.

சிங்கத்துக்குப் பசி நேரம். தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னது: "இவனைக் காட்டை விட்டே துரத்துங்கள். ஆற்றைத் தாண்டும் வரை விடாதீர்கள்."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். யானை பிளிறிக்கொண்டு பின்னால் ஓடியது. காட்டெருமை ஓடியது. காடு முழுக்கக் கூச்சல் போட்டுக்கொண்டு துரத்தியது. தனியாகப் போயிருந்தால் செந்நாய்க் கூட்டம் பாதி வழியிலேயே நீர்நாயைக் கிழித்திருக்கும். இத்தனை பெரிய படை துரத்தி வருவதைப் பார்த்ததும் செந்நாய்கள் ஒதுங்கி வழி விட்டன. எந்த ராஜாவுக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்ததில்லை. அவர்கள் அதை ஆறு வரை கொண்டுபோய் விட்டார்கள். கல் எறிந்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் திரும்பினார்கள்.

திரும்பி வந்து விருந்து சாப்பிட்டார்கள். அதற்கு முன்னால் விராலுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அந்த நேரம் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் குட்டை முழுவதும் சேறானது. சூரியத் திட்டம் முழு வெற்றி, மீன்கள் மட்டும் திருடப்பட்டுவிட்டன என்று நரி அறிவித்தது. பந்தலைப் பிரிக்கலாமா என்று மச்சான் கேட்டார். மகாராஜாவுக்குப் பிடித்த குளுமை, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தூரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஒட்டகம், தங்கள் பாலைவனத்திலும் முதலில் பந்தல் போட்டுவிட்டுத்தான் தகடு வைக்கப்போவதாகச் சொன்னது.

ஆற்றங்கரையில் நீர்நாய் குடத்தைச் சரித்தது. சிவப்புக் கொத்து ஆற்றில் கலந்தது. வாயைத் திறந்து விராலை விட்டது. விரால் ஒரு முறை முங்கி எழுந்தது. முதுகில் பல் தடம் இரண்டு.

"பல்லு பட்டுடுச்சு" என்றது நீர்நாய்.

"பரவாயில்ல." விரால் கரையோரம் நெருங்கி வந்தது. "அத்தனை பேரு அவ்வளவு பேசினாங்களே. எங்களை விட்டுட்ட, வாயும் காலியா இருக்கு. இப்பவாவது திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லேன்."

அக்கரையில் ஆற்று நீர்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. ஒன்று தண்ணீரில் இறங்கியது.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றது நீர்நாய். "என்னைக் கூட்டத்துல உக்கார வெச்சுடுவாங்க. நீ போ. தள்ளிப் போ. காலையிலேர்ந்து நான் ஒண்ணும் திங்கல."

விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கியது. நீர்நாய் காதுகளைத் தலையோடு ஒட்ட வைத்துக்கொண்டு, அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்து நின்றது.

நீதி: ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் வாயில் எதையாவது கவ்விக்கொண்டு திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள், வாய் காலியாக இருந்தால் உங்களையும் குழுவில் சேர்த்துவிடுவார்கள்.